கார்பன் நைட்ரைடு: எந்தச் சூட்டில் உருவாகிறது, எந்தச் சூட்டில் காணாமல் போகிறது

மெலமைன் தூளைப் பீங்கான் குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) போட்டு மூடி, மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, அங்கேயே நாலு மணி நேரம் விட்டு, தானாக ஆறிய பிறகு எடுத்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். அரைத்தால் மஞ்சள் தூள். அடிப்படைச் செய்முறை அவ்வளவுதான், கிடைத்தது கார்பன் நைட்ரைடு. அதே தூளைத் திறந்த குரூசிபிளில் 750 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், உள்ளே எதுவும் இருக்காது. சாம்பல்கூட மிஞ்சாது.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இந்தப் பொருளின் முக்கால்வாசி வேதியியல் இருக்கிறது. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் 'தயாரிப்பு' என்பதை ஒரு பாடமாகவும் 'வெப்பத் தாங்குதிறன்' என்பதை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படிக்கிறார்கள், ஆய்வுக் கட்டுரைகளும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. முதல் பக்கத்தில் செய்முறை, கடைசியில் பெயருக்கு ஒரு டிஜிஏ வரைபடம், அதாவது சூடு ஏற ஏற எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடு. இரண்டையும் ஒரே கோடாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்று நினைக்கிறேன். வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பதத்தைக் கொண்டுவருகிற அதே சூடுதான் கொஞ்சம் கூடினால் பாகைக் கருக வைக்கிறது.

சரி, பொருள் என்ன என்பதிலிருந்து வருவோம். மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறி மாறி உட்கார்ந்த ஆறு முனை வளையத்துக்கு ட்ரையசின் என்று பெயர். அதன் மூன்று கார்பன்களிலும் ஆளுக்கொரு அமினோ குழு, அதாவது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும், தொங்கினால் அது மெலமைன். தட்டு, கிண்ணம் செய்கிற மெலமைன் பிசினுக்கு மூலப்பொருள் இதுதான். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், அதனால்தான் 2008இல் சீனாவில் பாலில் புரதம் அதிகம் இருப்பதாகக் காட்ட இதைக் கலந்தார்கள், குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது. மூன்று ட்ரையசின் வளையங்கள் நடுவில் ஒரே நைட்ரஜனைப் பகிர்ந்துகொண்டு ஒட்டினால் வருவது ஹெப்டசின்: ஆறு கார்பன், ஏழு நைட்ரஜன், தட்டையான முக்கோணம் போன்ற ஒரு துண்டு. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று நைட்ரஜன் வழியாகக் கோத்துக்கொண்டு தாளாகி, தாள்கள் கிராஃபைட்டில் இருப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுதான் நாம் பேசும் கார்பன் நைட்ரைடு. கணக்குப்படி சூத்திரம் சி3என்4, நாலு நைட்ரஜனுக்கு மூன்று கார்பன்.

'கணக்குப்படி' என்று இழுத்ததற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

இப்போது ஃபர்னஸுக்குள் போவோம். மெலமைன் மூலக்கூறுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றின் அமினோ குழுவும் இன்னொன்றின் அமினோ குழுவும் சேர்ந்து ஒரு நைட்ரஜன் பாலமாகின்றன, மிச்சம் ஓர் அம்மோனியா மூலக்கூறாக வெளியே போகிறது. முதலிலிருந்து கடைசிவரை இந்த ஒரே வேலைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஏறக்குறைய 350 டிகிரியில் இரண்டிரண்டாகச் சேர்ந்த மெலாம், 390 டிகிரி வாக்கில் ஹெப்டசின் வளையம் உருவாகி மெலெம், அப்புறம் 520 டிகிரியை ஒட்டி மெலெம்கள் நீளமாகக் கோத்துக்கொண்டு பாலிமர். வெள்ளையாக இருந்த தூள் மஞ்சளாவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

எடையைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 10 கிராம் மெலமைன் எடுத்தால், ஒன்றும் ஆவியாகி ஓடாமல் இருந்தால், எல்லாம் மெலெம் ஆகும்போது சுமார் 8.65 கிராம் இருக்கும். நீளச் சங்கிலியாகக் கோத்த நிலையில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஹைட்ரஜன் ஒன்றுகூட மிஞ்சாத முழுமையான சி3என்4 ஆனால் 7.3 கிராம். குறைந்த ஒவ்வொரு மில்லிகிராமும் அம்மோனியாவாகப் போனது. நிஜத்தில் கையில் கிடைப்பது இதைவிடக் குறைவு, பாதி கிடைப்பது சகஜம். காரணம், மெலமைன் வினைபுரிய ஆரம்பிக்கும் அதே வெப்பநிலையில் பதங்கமாகவும் செய்கிறது, திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடுகிறது.

அதனால்தான் மூடி. சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் இந்தச் செய்முறையில் மூடியைவிட முக்கியமான கருவி இல்லை என்றே சொல்வேன். டிஜிஏ கருவியின் குட்டித் திறந்த கிண்ணத்தில், நைட்ரஜன் ஓட்டத்தில் மெலமைனைச் சூடாக்கினால் 350 டிகிரியை ஒட்டிக் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும், கார்பன் நைட்ரைடு உருவாகும் கட்டமே வராது. அதே மெலமைனை மூடிய குரூசிபிளில் வைத்தால், ஆவியும் அம்மோனியாவும் கொஞ்ச நேரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், மெலமைன் ஓடிவிடுவதற்குள் மெலெமாக மாறிவிடும். மெலெம் கனமான மூலக்கூறு, அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. இறுக்கி அடைத்துவிடவும் கூடாது. அம்மோனியா வெளியேறினால்தான் வினை முன்னால் போகும், அடைத்து வைத்தால் வினை பாதியில் நிற்கும், அழுத்தம் ஏறிப் பாத்திரம் வெடிக்கவும் செய்யும். மேலே சும்மா வைத்த பீங்கான் மூடி, அதைச் சுற்றி வேண்டுமானால் அலுமினியத் தாள், அது போதும்.

மெலமைனுக்குப் பதில் சயனமைடு, டைசயன்டைஅமைடு, தயோயூரியா, யூரியா என்று எதில் தொடங்கினாலும் பாதை ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து சேரும். இதில் யூரியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் விலை மலிவு என்பதால் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். யூரியா 133 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு பையூரெட், சயனூரிக் அமிலம் என்று பல இடைப்பொருட்கள் வழியாக மெலமைன் போன்ற வளையங்கள் உருவாகி, அதற்கப்புறம் பழைய பாதை. மூலக்கூறில் ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் டைஆக்சைடும் அம்மோனியாவும் கொப்பளித்துக்கொண்டு வெளியே போகும். 10 கிராம் யூரியாவுக்குக் கணக்குப்படி 2.5 கிராம் வர வேண்டும், அரை கிராம் தேறினாலே பலர் திருப்திப்படுகிறார்கள். ஆனால் அந்த அரை கிராம் பஞ்சு மாதிரி உப்பியிருக்கும். வெளியேறிய வாயு உள்ளே துளைகளை விட்டுச் செல்வதால் பரப்பளவு நன்றாகக் கூடுகிறது, மெலமைனில் செய்தது கிராமுக்கு 10 சதுர மீட்டர் அளவில் நின்றால் யூரியாவில் செய்தது அதைப்போலப் பல மடங்கு காட்டும். ஒளிவினையூக்கியாக, அதாவது ஒளியை உறிஞ்சி வேதிவினையைத் தூண்டும் பொருளாகப் பயன்படுத்தப் பரப்பளவு முக்கியம், எனவே யூரியா. எடை நிறைய வேண்டும், அமைப்பு கெட்டியாக வேண்டும் என்றால் மெலமைன். உரக்கடை யூரியாவை மட்டும் எடுக்காதீர்கள். 46 சதவீதத் தழைச்சத்து என்று மூட்டையில் போட்டிருப்பது சரிதான், ஆனால் இந்தியாவில் விற்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், அந்த எண்ணெய் கரியாகித் தூளின் நிறத்தையே மாற்றிவிடும்.

சரி, 550இல் இவ்வளவு நன்றாக வருகிறது, இன்னும் சூடேற்றினால் இன்னும் முழுமையாக வர வேண்டுமே? இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகம்.

கிராஃபைட்டில் அந்தத் தர்க்கம் செல்லும். கோணல்மாணலான கரியை 2500 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அணுக்கள் தங்கள் இடங்களைச் சரிசெய்துகொண்டு அழகான தாள்களாகும். கார்பன் நைட்ரைடுக்கு அந்த வசதி கிடையாது. ஏனென்றால் இதற்குள் இருக்கும் நைட்ரஜனுக்கு எப்போதும் வேறொரு ஆசை இருக்கிறது: இரண்டு நைட்ரஜன் சேர்ந்து மும்மைப் பிணைப்போடு நைட்ரஜன் வாயுவாகிவிடுவது. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், வேதியியலில் தெரிந்த மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. வெப்ப இயக்கவியல் கணக்கில் சி3என்4ஐவிட, கிராஃபைட் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதே தாழ்ந்த, நிம்மதியான நிலை. பிறகு ஏன் உங்கள் மேசை மேல் இருக்கும் மஞ்சள் தூள் பிரிந்துபோகவில்லை? வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் பரவிக் கிடப்பதால் கார்பன்-நைட்ரஜன் பிணைப்புகள் உறுதியானவை, அவற்றை உடைக்க ஏற வேண்டிய மேடு மிக உயரம். அறை வெப்பநிலையில் அந்த மேட்டை ஏற முடியாது, 500இலும் முடியாது. 600ஐத் தாண்டும்போது ஏறத் தொடங்குகிறது, 700ஐத் தாண்டினால் ஒட்டுமொத்தமாக ஏறிவிடுகிறது. அப்போது வெளியே வருவது அம்மோனியா மட்டும் இல்லை, நைட்ரஜன் வாயு, சயனோஜன், ஹைட்ரஜன் சயனைடு என்று வளையமே துண்டு துண்டாகப் பறக்கிறது.

ஆக 550 வரை நடக்கும் எடை இழப்பும் 650இல் நடக்கும் எடை இழப்பும் வரைபடத்தில் ஒரே மாதிரி கீழே சரியும் கோடாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. முதலாவதில் ஓரங்களில் இருக்கும் அமினோ குழுக்கள் அம்மோனியாவாகக் கழன்று வளையங்கள் கோத்துக்கொள்கின்றன. இரண்டாவதில் வளையம் உடைகிறது. முதலாவது முழுசாக முடிவதற்குள் இரண்டாவது தொடங்கிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

மேலே நிறுத்தி வைத்த 'கணக்குப்படி' இங்கே வருகிறது. சாதாரண முறையில் 550இல் செய்த தூளைச் சோதித்தால் கார்பன்-நைட்ரஜன் விகிதம் பெரும்பாலும் 0.75 வராது, 0.67ஐ ஒட்டி வரும், எடையில் ஒன்றரை இரண்டு சதவீதம் ஹைட்ரஜனும் இருக்கும். 0.67 என்பது மெலான் என்ற பாலிமரின் விகிதம். ஹெப்டசின்கள் நீளச் சங்கிலியாக வளைந்து வளைந்து கோத்து, ஓரத்தில் அமினோ குழுக்கள் மிஞ்சி, பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அமைப்பு அது. 2007இல் மியூனிக்கில் ஷ்னிக்கின் குழுவில் லோட்ஷ் உள்ளிட்டோர் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தைக் காட்டும் எலக்ட்ரான் விளிம்பு விலகல், திடநிலை என்எம்ஆர் என்ற இரண்டு சோதனைகளையும் கணினிக் கணக்கையும் சேர்த்து இதைக் காட்டினார்கள். ஆகவே கட்டுரைகளில் கிராஃபைட் வகை சி3என்4 என்று எழுதப்படும் பெரும்பாலான தூள்கள் நிஜத்தில் மெலானுக்கு நெருக்கமானவை. இதைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, எண்கள் ஒத்துவராமல் குழம்புவீர்கள்.

மெலான் புதிதும் இல்லை. 1834இலேயே ஜெர்மனியில் வேதியியலாளர் லீபிக் தயோசயனேட்டு உப்புகளைச் சூடாக்கி, மெலமைன், மெலாம், மெலெம், மெலான் எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். பாதரசத் தயோசயனேட்டைக் கொளுத்தினால் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து வளரும் 'ஃபேரோவின் பாம்பு' வித்தையில் உப்பி வரும் பொருளில் பெரும்பங்கு இந்தக் கார்பன் நைட்ரைடு வகைதான் (பாதரச ஆவி வரும், யாரும் செய்து பார்க்க வேண்டாம்). எதிலும் கரையாது, உருகாது, படிகமாகாது என்பதால் நூறு வருடம் இதன் அமைப்பை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. 1937இல் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் ஸ்டர்டிவன்ட்டும் மூன்று வளையம் ஒட்டிய தட்டையான கருவை முன்வைத்தார்கள். பாலிங்குக்கு இந்த மூலக்கூறின்மேல் கடைசிவரை ஈடுபாடு இருந்தது, 1994இல் அவர் இறந்தபோது அவரது அறைக் கரும்பலகையில் இந்த வளையத்தின் படம் ஒன்று இருந்தது.

பிறகு 2009இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வேதியியலாளர் அன்டோனியெட்டியோடு வேலை செய்த வாங் என்பவரும், ஜப்பானின் டோமென் குழுவும் சேர்ந்து, இந்த மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது என்று காட்டினார்கள். பேண்ட் கேப், அதாவது உள்ளே ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 2.7 எலக்ட்ரான் வோல்ட், எனவே 460 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியை உறிஞ்சும், அதனால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. அந்தச் சோதனையில் துணைக்குக் கொஞ்சம் பிளாட்டினமும், எலக்ட்ரான் கொடுக்க ட்ரைஎத்தனாலமைனும் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வெறும் தூளும் வெயிலும் மட்டும் போதவில்லை. ஆனாலும் உலோகமே இல்லாத, மலிவான பாலிமர் இதைச் செய்கிறது என்பது பெரிய செய்தி, அதற்குப் பின் வந்த ஆராய்ச்சி வெள்ளம் இன்னும் வடியவில்லை.

வெப்பத்தின் எல்லையைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை, அதையே கருவியாக்கியவர்கள் இருக்கிறார்கள். 2012இல் சீனாவில் ஒரு குழு, தயாரான தூளைத் திரும்பவும் காற்றிலேயே 500 டிகிரியில் வைத்தது. உடையும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, காற்றின் ஆக்சிஜன் தாள்களை மெல்ல மெல்ல அரித்து, கடைசியில் 2 நானோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தாள்கள் மிஞ்சின, பரப்பளவு கிராமுக்கு 300 சதுர மீட்டரைத் தாண்டியது. விலை என்னவென்றால், போட்டதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. இன்னொரு வழி, லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உருகிய உப்பில் வினையை நடத்துவது. திரவத்துக்குள் துண்டுகள் நகர்ந்து, தப்பாகக் கோத்தால் கழன்று மறுபடி சரியாகக் கோத்துக்கொள்ள முடியும், எனவே வெப்பநிலையை மேலே ஏற்றாமலேயே நல்ல படிக ஒழுங்கு வருகிறது. எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும், சூட்டை ஏற்ற முடியாத இடத்தில் நகரும் சுதந்திரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த அஜயன் வினு ஜப்பானில் இருந்தபோது 2005இல் செய்தது வேறு வகை: சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் கார்பன் நைட்ரைடை உருவாக்கி, பிறகு சிலிக்காவைக் கரைத்து எடுத்து, ஒழுங்கான துளைகள் உள்ள பொருளைப் பெற்றார். அதில் நைட்ரஜன் குறைவு, கார்பன் அதிகம், எனவே மஞ்சள் தூளோடு அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

முழுக்க வேறான ஒரு கார்பன் நைட்ரைடும் உண்டு, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தாளாக இல்லாமல் முப்பரிமாணத்தில் பின்னிய சி3என்4 வைரத்துக்கு ஈடான விறைப்போடு இருக்கும் என்று 1989இல் லியூவும் கோஹெனும் கணித்தார்கள். 70 முதல் 135 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், 1500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, லானியல் குழுவினர் அந்த மாதிரிப் பொருட்களை உருவாக்கி, அழுத்தத்தை விடுவித்த பிறகும் நிலைத்திருப்பதை 2023இல் வெளியிட்டார்கள். சூட்டில் நைட்ரஜன் ஓடிப்போகாமல் இருக்க வைத்தது அந்த அழுத்தம்.

இனி கையோடு உதவும் சில விஷயங்கள். வெளிவரும் வாயுக்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 550 வரை அம்மோனியா, மூக்கைத் துளைக்கும், நீங்களே விலகிவிடுவீர்கள். ஆனால் சூடு தவறுதலாக மேலே போனால் வருவது சயனைடு வகை, அதன் வாசனை பலருக்குத் தெரியவே தெரியாது. ஃபர்னஸ் ஃப்யூம் ஹுட் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) அடியிலோ, புகைபோக்கியோடோ இருக்க வேண்டும். இல்லையென்றால் செய்யாதீர்கள்.

தூள் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் நிறம். வெள்ளை கலந்து இருந்தால் மெலெம் கட்டத்திலேயே நின்றிருக்கிறது, ஆரஞ்சு, பழுப்பு என்று போனால் சூடு கூடி நைட்ரஜன் குறையத் தொடங்கியிருக்கலாம். எக்ஸ்ரே விளிம்பு விலகலில், அதாவது தூளில் படும் எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்க்கும் சோதனையில், 27.4 டிகிரிக் கோணத்தில் ஒரு பெரிய முகடும் 13 டிகிரி பக்கம் ஒரு சின்ன முகடும் வர வேண்டும். பெரியது தாள்களுக்கு நடுவே உள்ள 0.326 நானோமீட்டர் இடைவெளியைச் சொல்கிறது. கிராஃபைட்டில் இது 0.335, அதைவிட இங்கே நெருக்கம்.

டிஜிஏ வரைபடத்தைப் பார்க்கும்போது, '600 டிகிரி வரை தாங்கும்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். காற்றிலா நைட்ரஜனிலா, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி, கிண்ணம் திறந்ததா மூடியதா என்று தேடிப் பாருங்கள். வேகமாகச் சூடேற்றினால் எந்தப் பொருளும் கொஞ்சம் அதிகம் தாங்குவதுபோல் தெரியும். நிமிடத்துக்கு 20 டிகிரியில் 600ஐக் கடந்துபோன தூளை அதே 600இல் நாலு மணி நேரம் வைத்தால் கணிசமாகக் குறைந்திருக்கும். இந்த விவரங்களை எழுதாமல் ஒரே ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் புதிதாக வருகிறவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறது.

சாம்பல் மிஞ்சாமல் போவதை ஓர் அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். டைட்டானியம் டைஆக்சைடோடு கார்பன் நைட்ரைடைக் கலந்து ஒரு கலவை செய்தீர்கள், எதில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நன்றாக உலர்த்திய 10 மில்லிகிராமைக் காற்றில் 800 டிகிரி வரை கொண்டுபோங்கள். கடைசியில் 6 மில்லிகிராம் நின்றால் அது முழுக்க ஆக்சைடு, போன 4 மில்லிகிராம்தான் கார்பன் நைட்ரைடு, ஆகவே 40 சதவீதம். இந்தக் கலவைகளில் எடை சரியத் தொடங்கும் வெப்பநிலை வெறும் தூளைவிடக் கீழே இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், உலோக ஆக்சைடுகள் பல நேரம் எரிதலைத் தூண்டிவிடுகின்றன. ஆனால் கலந்தது ஆக்சைடாக இல்லாமல் உலோகமாகவோ சல்ஃபைடாகவோ இருந்தால் இந்தக் கழித்தல் கணக்கு அப்படியே செல்லாது, அவையும் காற்றில் ஆக்சிஜன் ஏற்று எடை மாறும், அதை முதலில் தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.